கார்பன் ரிம்முக்கு எந்த பிரேக் பேட்? ஊட்டி, கொடைக்கானல் இறக்கங்களில் ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்

ரிம்மை, அதாவது சக்கரத்தின் வெளி வளையத்தை, பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள ரோடு பைக் சைக்கிள்களுக்கு மட்டுமானது இது. டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்களுக்கு இங்கே வேலையில்லை. சமவெளியில் பேட் தேர்வில் கொஞ்சம் தவறினால் சத்தம் வரும், பேட் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அதே தவறு சக்கரத்தையே காவு வாங்கிவிடும்.

என் சக்கரம் கார்பன்தான். ஆனால் பிரேக் பிடிக்கும் இடமும் கார்பனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தீர்க்க வேண்டிய சந்தேகம் இது. பழைய ஆழமான சக்கரங்கள் பலவற்றில் உடல்தான் கார்பன், பிரேக் பேட் உரசும் பட்டை அலுமினியம். அந்தப் பட்டை வெள்ளி நிறமாக, கடைசல் போட்ட மெல்லிய கோடுகளோடு இருக்கும். அப்படியானால் அலுமினியத்துக்கான பேட்தான் போட வேண்டும், மேலே படிக்கத் தேவையில்லை. பட்டையும் கருப்பாக, நெசவோ இழைக் கோடோ தெரிந்தால் அது முழுக் கார்பன். ஆனால் அலுமினியத்துக்கும் கருப்புப் பூச்சு உண்டு. பார்த்து முடிவுசெய்ய முடியாவிட்டால் சக்கரத்தின் மாடல் பெயரை வைத்து, தயாரித்தவர்களின் கையேட்டைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அலுமினிய ரிம்மில் ஓடிக்கொண்டிருந்த பேட் பாதிதான் தேய்ந்திருக்கிறது. அதையே கார்பன் ரிம்முக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. காரணம் இரண்டு.

ஒன்று, அலுமினியத்தில் உரசிய பேடின் முகத்தில் உலோகத் துணுக்குகள் பதிந்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுக்கும். ஊசியால் நெம்பி எடுத்தாலும் எல்லாம் வராது. மிச்சம் இருக்கும் ஒரு துணுக்கு போதும், கார்பன் பட்டையைச் சுற்றிலும் கோடு கிழித்துவிடும். அலுமினியத்தில் விழும் கீறலை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். கார்பனில் அது இழைகளைப் பிணைக்கும் மேல் ரெசினைத் தாண்டி இழைக்குப் போகும்.

இரண்டு, பேடின் கலவையே வேறு. அலுமினிய ரிம் சூட்டை உள்வாங்கி ரிம் முழுக்கப் பரப்பிவிடும் என்ற கணக்கில் அந்த ரப்பர் செய்யப்பட்டது. கார்பன் ரிம் அப்படிப் பரப்பாது. சூடு உரசும் இடத்திலேயே தங்கும், ரப்பர் இளகி ரிம்மில் கருப்பாக அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்தில் பிடி கூடும், மற்ற இடத்தில் குறையும், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி இழுத்து இழுத்து நிற்கும்.

வார நாளில் அலுமினியச் சக்கரம், ஞாயிற்றுக்கிழமை கார்பன் சக்கரம் என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள், சக்கரத்தோடு பேடையும் மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு ஜோடிப் பேடையும் தனிப் பையில் போட்டு, எந்தச் சக்கரத்துக்கு என்று மேலே எழுதி வையுங்கள். கார்பன் பேட் ஒரே ஒரு நாள் அலுமினிய ரிம்மில் ஓடிவிட்டாலும், அதன் பிறகு அது அலுமினியத்துக்கு மட்டும்தான்.

சரி, எதை வாங்குவது?

சக்கரம் செய்தவர் எந்தப் பேடைச் சொல்கிறாரோ அதை. சலிப்பான பதில்தான், ஆனால் முக்கால்வாசிப் பேருக்குச் சரியான பதிலும் அதுவே. ரிம்மின் ரெசின் எவ்வளவு சூடு தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், அந்தச் சூட்டுக்குள் நிற்கும் பேடைத்தான் அவர் சோதித்திருப்பார். வேறு பேட் போட்டு ரிம் கெட்டால் வாரண்டி கிடையாது என்று பலரும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கம்பனோலோவின் போரா சக்கரங்களுக்கு அவர்களின் சிவப்புப் பேட். ரேனால்ட்ஸுக்கு க்ரையோ ப்ளூ. ஜிப்பின் ஷோஸ்டாப்பர் பட்டை உள்ள சக்கரங்களுக்கு டான்ஜென்ட் பிளாட்டினம் ப்ரோ ஈவோ. என்வியின் சொரசொரப்பான பட்டைக்கு அவர்களுடைய சொந்தப் பேட். இந்தக் கடைசி இரண்டு வகையிலும் பட்டையின் மேற்பரப்பையே வேலைப்படுத்தி வைத்திருப்பதால், பேடும் பட்டையும் ஒரு ஜோடியாகத்தான் வேலை செய்யும்.

தயாரிப்பாளர் பேர் தெரியாத சக்கரம், அல்லது அவர்கள் சொன்ன பேட் இப்போது வருவதில்லை என்றால், ஸ்விஸ்ஸ்டாப்பின் ப்ளாக் பிரின்ஸ் எங்கள் முதல் பரிந்துரை. சூட்டில் பிடி தளர்வது குறைவு, மழையிலும் ஓரளவு நம்பலாம். அதே நிறுவனத்தின் பழைய யெல்லோ கிங் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீண்ட இறக்கத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கருப்புதான்.

கலவையோடு வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள். ரிம்மின் இரு பக்கமும் கவ்வும் பிரேக் கைகளுக்குக் காலிப்பர் என்று பெயர், அதில் பேடைத் தாங்கும் கூடுதான் ஹோல்டர். ஷிமானோ, ஸ்ராம் காலிப்பர்களின் ஹோல்டருக்குள் போகும் பேட் ஒரு வடிவம், கம்பனோலோ ஹோல்டருக்கு வேறு வடிவம். ஸ்விஸ்ஸ்டாப்பில் முதல் வகைக்கு ஃப்ளாஷ் ப்ரோ என்றும், இரண்டாவதற்கு ரேஸ் ப்ரோ என்றும் பெயர். கலவையின் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, வந்தது ஹோல்டரில் ஏறவில்லை என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

பேடின் நிறத்தை வைத்தே அடையாளம் காண முடியாதா?

முடியாது, ஆபத்தும் கூட. ரேனால்ட்ஸின் நீலப் பேட் கார்பனுக்கு. ஸ்விஸ்ஸ்டாப்பின் பி.எக்ஸ்.பி. பேடும் நீலம்தான், அது அலுமினியத்துக்கு. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையில் ஒரு நீலப் பேடை வைத்திருந்தால், அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் மாட்டாதீர்கள்.

சூடு, சூடு என்கிறீர்களே, உண்மையில் எவ்வளவு சூடு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறக்கம். வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 12.5 லட்சம் ஜூல். நாலு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதி நிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூடு அது. இதில் ஒரு பங்கை எதிர்காற்று தின்றுவிடும், மிச்சம் முழுக்க இரண்டு ரிம்மும் நாலு பேடும் ஏற்க வேண்டியது.

கார்பன் ரிம் என்பது இழையும் ரெசினும். இழைக்குச் சூட்டால் ஒன்றும் ஆகாது, ரெசின்தான் இளகும். சாதாரண எப்பாக்ஸி ரெசின் பெரும்பாலும் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் விறைப்பை இழக்கத் தொடங்கும். உயர் வெப்ப ரெசின் போட்ட ரிம்கள் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். கிளிஞ்சர் ரிம்மில் (உள்ளே டியூப், மேலே தனி டயர் போடும் வழக்கமான வகை) டயரின் விளிம்பைப் பிடித்திருக்கும் சுவர்தான் பிரேக் பிடிக்கும் பட்டையும். உள்ளே 90 பி.எஸ்.ஐ. காற்று அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரெசின் இளகினால் சுவர் வெளியே பிதுங்கும், பிதுங்கிய இடம் பேடில் இன்னும் அதிகமாக உரசும், இன்னும் சூடாகும். கடைசியில் டயர் கழன்று வந்துவிடும். நல்ல பேட் இதைத் தள்ளிப்போடும், தடுக்காது. தடுப்பது பிரேக் பிடிக்கும் விதம்.

அப்படியானால் இறக்கத்தில் எப்படிப் பிரேக் பிடிப்பது?

லீவரை லேசாக அழுத்தியபடியே கிலோமீட்டர் கணக்கில் இறங்குவதுதான் ரிம்மைக் கொல்லும் பழக்கம். பயத்தில் எல்லோரும் செய்வதும் அதுவே.

அதே 85 கிலோ, 6 சதவீதச் சரிவு. மணிக்கு 30 கிலோமீட்டரில் வேகத்தைக் கட்டிவைத்து இறங்கினால் பிரேக்குகள் சுமார் 250 வாட் சூட்டை ஏற்கின்றன. அந்தச் சரிவில் அதுதான் உச்சம். 45-ல் போனால் காற்றே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும், பிரேக்குக்கு 140 வாட் அளவில்தான் வரும். 15-க்குக் குறைத்தாலும் சுமார் 175 வாட் வரத்தான் செய்கிறது. குளிர்விக்கும் காற்று குறைவு, இறங்கும் நேரம் இரட்டிப்பு. அதனால் மெதுவாகப் போகிறோம், ரிம் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

வேகமாகப் போகச் சொல்லவில்லை. பார்வை எட்டும் நேர்த்துண்டில் லீவரை முழுக்க விடுங்கள். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து, வேண்டிய வேகத்துக்கு இரண்டு மூன்று வினாடிகளில் கொண்டுவந்து, மீண்டும் விடுங்கள். விட்ட நேரத்தில் ரிம் ஆறும். சரிவு விடாமல் நீண்டு, முன்னால் பேருந்தோ லாரியோ ஊர்ந்துகொண்டிருந்தால், அதன் பின்னாலேயே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள். ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, அந்தப் பேருந்தையோ லாரியையோ முன்னால் போக விட்டுவிடுங்கள். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற வரை இப்படி இரண்டு மூன்று முறை நிற்க வேண்டி வரும். நின்றதும் ரிம்மைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும். புறங்கையை அருகே கொண்டுபோனாலே அனல் தெரியும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி சாலையில் கார்பன் ரிம்மோடு இறங்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வாகனங்கள் கீழிறங்கவே கட்டுப்பாடு போட்டிருக்கும் அளவுக்குச் செங்குத்து. 10 சதவீதச் சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலே பிரேக்குகளுக்கு 400 வாட் வரும், லீவரை விட்டு ஆற்றும் நேர்த்துண்டும் கிடைக்காது. அங்கே போக அலுமினியச் சக்கரம் மாட்டுங்கள், அல்லது டிஸ்க் வண்டியில் போங்கள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக 43 வளைவுகள் இறங்கும் சாலைக்கும், பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் சாலைக்கும் இதுவே பொருந்தும். கொடைக்கானலிலிருந்து ஊத்து, டம்டம் பாறை வழியாக வத்தலக்குண்டு போகும் பிரதான சாலை அந்த அளவுக்கு மோசமில்லை. சராசரி 4 சதவீதத்துக்குள்தான் வரும், நல்ல ரிம்மும் சரியான பேடும் தாங்கும்.

உடல் எடை 90 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள், முதுகில் பை சுமப்பவர்கள் மேலே சொன்ன வாட் கணக்குகளை அந்த விகிதத்துக்கு மேலாகவே கூட்டிக்கொள்ளுங்கள்.

மழை, பனிமூட்டத்தில்?

கார்பன் ரிம் நனைந்தால் லீவரை அழுத்தியதும் முதலில் ஒன்றும் நடக்காது. பேட் தண்ணீரை வழித்தெடுக்க ஒன்றிரண்டு சுற்றுப் பிடிக்கும், பிறகு திடீரென்று கவ்வும். புதியவர்கள் விழுவது அந்தத் திடீர்க் கவ்வலில்தான். வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். காய்ந்த சாலையில் பிடிக்கும் இடத்துக்கு இரண்டு மடங்கு தூரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து சாலையில் சேறு கிடக்கும். அந்த மண்ணில் இருக்கும் மணல்துகள் பேடில் ஏறினால் அலுமினியத் துணுக்கைப் போலவே ரிம்மை அறுக்கும். சேற்றைத் தாண்டியதும், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ரிம்மையும் பேடையும் கழுவ ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். அந்த மாதங்கள் முழுக்க அலுமினியச் சக்கரத்தில் ஓட்டுவது இன்னும் புத்திசாலித்தனம்.

பேடை மாட்டும் முறை?

ஹோல்டரில் பேடைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய பேடைப் பின்பக்கமாக உருவுங்கள். ஹோல்டரின் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். திறந்த முனை வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ரிம் முன்னோக்கி இழுக்கும்போது பேட் மூடிய முனையில் முட்டி நிற்கும். இடதும் வலதும் மாறி, திறந்த முனை முன்னால் வந்துவிட்டால், அழுத்திப் பிடித்த ஒரு நொடியில் பேட் வழுக்கி வெளியே போய்விடும். ஹோல்டரிலும் பேடிலும் இருக்கும் இடது, வலது குறியை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

கம்பனோலோ ஹோல்டரில் ஸ்க்ரூ கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் உள்ளே ஏறும். எண்ணெய் மட்டும் தொடக்கூடாது.

சின்ன ஸ்க்ரூவை லேசாக முறுக்கினால் போதும், அதன் மரை எளிதில் வழுக்கிவிடும். காலிப்பரில் ஹோல்டரைப் பிடிக்கும் 4 மி.மீ. ஆலன் போல்ட்டை ஷிமானோவில் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். அதை முறுக்கும்போது ஹோல்டர் திரும்பப் பார்க்கும், இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உயரம் முக்கியம். பேடின் மேல் விளிம்பு, பட்டையின் மேல் விளிம்புக்கு 1 மி.மீ. கீழே. மேலே ஏறினால் டயரின் பக்கச்சுவரை அறுக்கும். கீழே இறங்கினால் பிரேக்குக்காகச் செய்யப்படாத மெல்லிய கார்பனில் உரசும், பேடின் அடியில் ஒரு உதடும் உருவாகும். இரண்டு பக்கமும் சுமார் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். நின்றபடி ஏற்றத்தில் மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் வளையும், இடைவெளி குறைந்தால் ஏறும்போதே பிரேக் உரசிக்கொண்டு வரும்.

புதுச் சக்கரம் அகலமாக இருக்கிறது, காலிப்பருக்குள் பேட் நுழையவில்லை.

பழைய ரிம்கள் 19, 20 மி.மீ. அகலம். இப்போதைய கார்பன் ரிம்கள் 25-லிருந்து 28 வரை போகின்றன. முதலில் பிரேக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். பிறகு ஹோல்டருக்கும் காலிப்பருக்கும் நடுவே உள்ள குழிந்த வாஷர்களில் தடித்ததை வெளியிலும் மெல்லியதை உள்ளேயும் மாற்றிப் போடுங்கள், சில மி.மீ. கிடைக்கும். சக்கரத்தைக் கழற்ற வசதியாகக் காலிப்பரை அகலத் திறக்கும் குவிக் ரிலீஸ் லீவரைத் திறந்து வைத்து ஓட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. மலையில் அது கூடவே கூடாது, பேட் தேயத் தேய பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். பேடைத் தேய்த்து மெலிதாக்கியும் போடலாம், பாதி ஆயுள் போகும். இதெல்லாம் செய்தும் நுழையாவிட்டால் அந்தக் காலிப்பர் அந்த ரிம்முக்கானதில்லை.

புதுப் பேட் போட்டதும் நேரே இறங்கலாமா?

பேடின் முகம் ரிம்மோடு படிய வேண்டும். ரிம்மை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தத் துணியால் துடைத்துவிட்டு, சமமான சாலையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்குப் பத்துப் பதினைந்து முறை குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல். ஒவ்வொன்றுக்கும் நடுவே ரிம் ஆற விடுங்கள். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றும் சாலை விடியற்காலையில் இதற்குத் தோது, சுற்றுலாப் பயணிகள் வந்த பிறகு முடியாது. நீலகிரிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

கீச்சென்று கத்துகிறது.

துடைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் பேடின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் சூட்டில் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். 150-ம் எண் உப்புத்தாளைச் சமமான தரையில் வைத்து, பேடை அதன் மேல் நாலைந்து முறை தேய்த்தால் மங்கலான முகம் திரும்பும். ரிம்மில் உப்புத்தாள் படவே கூடாது. அதன் பிறகும் கத்தினால் பேடின் முன் முனை முதலில் தொடும்படி சாய்க்கலாம். பேடின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்து, போல்ட்டை முறுக்குங்கள். அரை மி.மீ. சாய்வே போதும், ஒன்றுக்கு மேல் வேண்டாம். சொரசொரப்பான பட்டை உள்ள ரிம்கள் விசில் போல ஒலிப்பது இயல்பு.

பேடை எப்போது மாற்றுவது?

குறுக்கே வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம் 1 மி.மீ.க்குக் கீழே வந்தால். சிலவற்றில் பக்கவாட்டில் தேய்மானக் கோடு இருக்கும். பேட் தீர்ந்து ஹோல்டரின் உலோகம் ரிம்மைத் தொட்டால் ரிம் அங்கேயே முடிந்தது. மலையில் தேய்மானம் வேகம், சொரசொரப்பான பட்டையில் இன்னும் வேகம், அதனால் ஒவ்வொரு நீண்ட இறக்கத்துக்கு முன்பும் பாருங்கள். ரிம் பிரேக் சாமான்கள் கடைகளில் குறைந்துகொண்டே வருகின்றன. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கார்பன் பேடைத் தேடி அலைவதைவிட, ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

டியூபும் காற்றும் இதில் சம்பந்தப்படுமா?

நிறையவே. கார்பன் கிளிஞ்சரில் லேடக்ஸ் டியூப் போடாதீர்கள். சூட்டில் அது சட்டென்று பிய்ந்துவிடும் என்பதால் பல தயாரிப்பாளர்களே தடை சொல்கிறார்கள். ப்யூட்டைல் டியூப் போடுங்கள்.

காற்றில் ஒரு சூட்சுமம். மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரி வெயிலில் 90 பி.எஸ்.ஐ. அடித்து ஊட்டியின் 15 டிகிரிக்குப் போனால், குளிரில் ஏழு போல இறங்கும், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மூன்று போல ஏறும். மொத்தத்தில் நாலு குறைந்ததாக கேஜ் காட்டும். அதைப் பார்த்து மேலே காற்று அடித்தால், கீழே வரும்போது பிரேக் சூடும் சேர்ந்து அழுத்தம் ரிம்மின் வரம்பைத் தாண்டக்கூடும். அடிக்க வேண்டாம்.

டயரை ரிம்மில் பசையால் ஒட்டும் டியூபுலருக்கு இந்தப் பயமெல்லாம் இல்லையே?

பிதுங்கும் சுவர் இல்லை என்பதால் ரிம்முக்கு ஆபத்து குறைவு. ஆனால் டயரை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், வளைவில் டயர் நகரும். ஒட்டி நாளான டயரோடு மலை இறங்க வேண்டாம்.

கார்க் பேட்?

பழைய கால ஏற்பாடு. காய்ந்த சமவெளியில் மென்மையாகப் பிடிக்கும். மழையில் பயனில்லை, ஒரு நீண்ட இறக்கத்திலேயே கணிசமாகத் தேய்ந்துவிடும். இங்கே தவிர்க்கவும்.

ரிம் சூட்டில் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லீவரைப் பிடிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு புதிதாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, ரிம் நன்றாக ஆறிய பிறகு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பட்டையின் இரு பக்கமும் வைத்து ஒரு முழுச் சுற்று நகர்த்துங்கள். மேடு இருந்தால் விரலுக்குத் தெரியும். வெளிர்ந்த திட்டு, கொப்புளம், விளிம்பில் மயிரிழை விரிசல், கருகிய வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சக்கரத்தை ஓட்டக்கூடாது. வெர்னியர் இருந்தால் சக்கரம் புதிதாக இருக்கும்போதே, வால்வில் தொடங்கிப் பத்து இடங்களில் வெளி அகலத்தை, காற்று அடித்த நிலையில், அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது அதே காற்றழுத்தத்தில் அதே இடங்களை அளந்து ஒப்பிடலாம். ஓரிடத்தில் மட்டும் எண் கூடியிருந்தால் சுவர் பிதுங்கியிருக்கிறது.

பாதி இறக்கத்தில், பர்லியார் பக்கம் எங்கோ, இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது கீழே போகும் வேனில் ஏற்றுங்கள். பேடை மாற்றி ஓட்டிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. ரெசின் இளகிப் பிரிந்த கிளிஞ்சர் சுவரை மேலே பூசிச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும், பிரேக் பிடிக்கும் அந்த இடத்துக்கு அது செல்லாது.